ஒப்பனை கலைந்த பிறகு

ஒரு நீச்சல் குளம். அதன் நடுவே மிதக்கும் நாற்காலியொன்றில், தோலாடையும் நீண்ட கூந்தலுமாக ஓர் இளைஞர் சாய்ந்திருக்கிறார். கையில் வோட்கா மதுப்புட்டி. தாம் ஒரு முழுக் குடிகாரன் என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். தாம் இருக்கும் நிலை தமக்கே பிடிக்கவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். பின்னர் புட்டியிலுள்ள மதுவை வாயிலும் முகத்திலும் கவிழ்த்துக்கொள்கிறார். குளத்தின் கரையில் அவரைப் பெற்ற தாய் அமர்ந்திருக்கிறார். மகன் பேசுவது அனைத்தும் அவர் செவியில் விழுகிறது.

இது கற்பனைக் கதையன்று. பெனிலோப் ஸ்பீரிஸ் என்னும் பெண் இயக்குநர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து இசைக்குழுக்களைப் பற்றி எடுத்து 1988ஆம் ஆண்டு வெளியிட்ட ஆவணப்படத்தில் வரும் காட்சி. அந்த இளைஞர் 'வாஸ்ப்' என்னும் குழுவின் கிதார் கலைஞரான கிறிஸ் ஹோம்ஸ். அப்போது அவர் புகழின் உச்சியில் இருந்த ஓர் இசையுலகின் உறுப்பினர். அந்த இசைக்குக் 'கிளாம் மெட்டல்' என்று பெயர்.

நம் குடும்ப இதழுக்கும் இந்த ஆரவார இசைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். தொடர்பு உண்டு. ஏறக்குறைய பத்தே ஆண்டுகளில் வானளாவ எழுந்து, ஓரிரு ஆண்டுகளில் மண்ணோடு மண்ணான இசை இது. அதன் எழுச்சியிலும் வீழ்ச்சியிலும் பெற்றோர் உண்டு, பிள்ளைகள் உண்டு, நட்பு உண்டு, குற்றமும் மன்னிப்பும் உண்டு. ஒப்பனை கலைந்த பிறகு ஒரு மனிதனிடம் எஞ்சி நிற்பது என்ன என்னும் கேள்வி, எந்தக் குடும்பத்துக்கும் உரிய கேள்வியே அன்றோ?

பிறந்த கதை

'கிளாம்' என்றால் பகட்டு, மினுமினுப்பு. 'மெட்டல்' என்றால் உலோகம். 1970ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் பேரொலியும் கனத்த கிதார் நாதமுமாக ஓர் இசை உருவாயிற்று. அதற்கு 'ஹெவி மெட்டல்' என்று பெயர் வைத்தார்கள். அதே காலத்தில், அதே நாட்டில், மார்க் போலன், டேவிட் போவி, ஸ்லேடு குழுவினர் முதலியோர் முகத்தில் மினுக்குத்தூளும் காலில் உயர்ந்த குதிகால் காலணியுமாக மேடையேறினார்கள். அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு தோன்றிய 'கிஸ்' குழுவினர் முகம் முழுவதும் வண்ணம் தீட்டிக்கொண்டு, மேடையில் தீயைக் கக்கிக் காட்டினார்கள். முன்னதன் இரைச்சலும் பின்னதன் ஒப்பனையும் ஒன்றுகூடிப் பிறந்த குழந்தையே கிளாம் மெட்டல். அது வளர்ந்த தொட்டில் கலிபோர்னியா மாநிலத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரம்.

அந்தத் தொட்டிலை ஆட்டிய கைகளைப் பலர் அறியார். ஹாலந்து நாட்டிலிருந்து 1962ஆம் ஆண்டு கப்பலேறி, கலிபோர்னியாவின் பாசடேனா நகருக்கு வான் ஹாலன் குடும்பம் வந்து சேர்ந்தது. தந்தை இசைக்கலைஞர், தாய் இந்தோனேசியாவில் பிறந்தவர். புதிய நாட்டில் தந்தை துப்புரவு வேலை செய்தார்; தாய் பிறர் வீட்டில் பணிசெய்தார். கப்பலில் அவர்கள் கொண்டுவந்த பொருள்களுள் பியானோவும் ஒன்று. அதில் பயின்ற இரு புதல்வர்களும் 1978ஆம் ஆண்டு வெளிவந்த தங்கள் முதல் இசைத்தட்டால் உலகை வியக்க வைத்தார்கள். இளையவர் எட்வர்டு, வலக்கை விரல்களையும் கிதாரின் கழுத்தில் தட்டி வாசித்த முறையை அடுத்த பத்தாண்டுகளில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பின்பற்றினார்கள்.

அதே மாநகரின் வடபுறத்தில் டெலோரஸ் ரோட்ஸ் என்னும் தாய் 'மியூசோனியா' என்ற இசைப்பள்ளியை நடத்திவந்தார். கணவர் பிரிந்து சென்றபின் பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர் அவர். அவருடைய மகன் ராண்டி அப்பள்ளியிலேயே கிதார் கற்று, அங்கேயே பிறருக்குக் கற்பித்து, 'குவைட் ரயட்' என்னும் குழுவைத் தோழர்களோடு தொடங்கினார். பின்னர் வேறொரு புகழ்பெற்ற பாடகரோடு ஊர் ஊராகச் சென்றபோதும், சென்ற இடமெல்லாம் செவ்வியல் கிதார் ஆசிரியரைத் தேடிப் பாடம் கேட்பாராம். 1982ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிறு விமானம் ஒன்று நொறுங்கியதில் ராண்டி தம் 25ஆம் வயதில் இறந்தார். தாயோ தம் பள்ளியைத் தொடர்ந்து நடத்தி, 2012ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

இவற்றை ஏன் கூறுகிறோம்? இந்த இசையின் அடித்தளத்தில் உழைப்பு இருந்தது. கற்கும் ஆசை இருந்தது. தொடக்கத்தில் அது வெறும் வேடமன்று.

தெருவிலிருந்து திரைக்கு

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'சன்செட் ஸ்ட்ரிப்' என்னும் சாலைப் பகுதி உண்டு. 'விஸ்கி எ கோ கோ', 'ராக்ஸி', 'கசாரிஸ்' போன்ற இரவு அரங்குகள் அங்கே வரிசையாக இருந்தன. பெயர் தெரியாத குழுக்கள் தங்கள் படத்தை அச்சிட்ட துண்டுத்தாள்களைக் கம்பங்களிலும் சுவர்களிலும் ஒட்டி, போவோர் வருவோர் கையிலும் திணித்தன. சில அரங்குகளில், நுழைவுச்சீட்டுகளைக் குழுவினரே முன்பணம் கொடுத்து வாங்கி, விற்றுக்கொள்ள வேண்டிய நிலையும் இருந்தது. அதாவது பாடுவதற்குக் கூலி பெறுவதற்கு மாறாக, கூலி கொடுத்துப் பாட வேண்டும்! பென்சில்வேனியா மாநிலத்திலிருந்து 1984ஆம் ஆண்டு 'பாய்சன்' குழுவினர் பழைய ஆம்புலன்ஸ் வண்டி ஒன்றில் நாட்டைக் குறுக்கே கடந்து வந்தது இந்தத் தெருவுக்காகத்தான்.

1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் நாள் எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பெற்றது. இரவும் பகலும் பாடல் காட்சிகளை ஒளிபரப்புவதே அதன் தொழில். அதுவரை பாடகரின் குரலை வானொலியில் கேட்ட மக்கள், இப்போது முகத்தையும் உடையையும் கண்டனர். ஆகவே, காண்பதற்குக் கவர்ச்சியான குழுவே முன்னேறும் என்றாயிற்று. ஆண்கள் கூந்தலை வளர்த்து, தெளிப்பான் கொண்டு நிமிர்த்தி, கண்ணுக்கு மையும் உதட்டுக்குச் சாயமும் பூசிக்கொண்டு நின்ற அந்தக் கோலம் தொலைக்காட்சிக்கென்றே படைக்கப்பட்டது போல் அமைந்தது.

1983ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆப்பிள் கணிப்பொறி நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் கலிபோர்னியாவில் நடத்திய பெருவிழாவில், அன்றைய நாள் முழுவதும் இவ்வகை இசைக்கே ஒதுக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் திரண்டனர். 'குவைட் ரயட்', 'மாட்லி க்ரூ' ஆகிய புதுக் குழுக்கள் பகல் வெயிலில் பாடின. இரவில் 'வான் ஹாலன்' குழு பாடி 15 இலட்சம் டாலர் ஊதியம் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் 'குவைட் ரயட்' குழுவின் 'மெட்டல் ஹெல்த்' இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அதை உயர்த்திய பாடல் அவர்கள் இயற்றியதன்று. ஸ்லேடு குழுவினர் 1973ஆம் ஆண்டு பாடியது. பாட மனமில்லாமலே அதைப் பதிவு செய்தார்களாம். ஆனால் பணம் கொட்டியது. எனவே அடுத்த இசைத்தட்டிலும் ஸ்லேடு குழுவின் மற்றொரு பாடலையே பாடினார்கள். இச்சிறு செய்தியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ளட்டும். பின்னாளில் இந்த இசையைக் கொன்ற நோய் இங்கேயே முளைவிட்டது.

அன்னையரின் அச்சம்

இசை வளர வளர, பெற்றோரின் கவலையும் வளர்ந்தது. இப்பாடல்களில் பலவும் குடியைக் கொண்டாடின. பெண்களை மதிப்புக்குரிய மனிதப் பிறவிகளாகக் காட்டாமல் விளையாட்டுப் பொருளாகக் காட்டின. இதை மறைப்பதில் பொருளில்லை. டிப்பர் கோர் என்னும் அம்மையார், தம் மகளுக்காக வாங்கிய ஓர் இசைத்தட்டின் சொற்களைக் கேட்டுத் திடுக்கிட்டார். அது கிளாம் மெட்டல் இசைத்தட்டு அன்று. ஆயினும் அவரது கவனம் எல்லாப் பாடல்களின் மீதும் திரும்பியது. 1985ஆம் ஆண்டு அவரும் வேறு சில அன்னையரும் கூடிப் பெற்றோர் அமைப்பு ஒன்றை ஏற்படுத்தினர். இவர்களது முயற்சியால் அவ்வாண்டு செப்டம்பர் 19ஆம் நாள் அமெரிக்கச் செனட் சபையின் குழு ஒன்று இதை விசாரித்தது.

அன்று சாட்சி சொல்ல வந்தவர்களுள் ஒருவர் 'ட்விஸ்டட் சிஸ்டர்' குழுவின் பாடகர் டீ ஸ்னைடர். மேடையில் அரக்கனைப் போல் முகம் தீட்டிக்கொள்பவர். கலைந்த சுருள்முடியும் கையில்லாச் சட்டையுமாக அவர் நுழைந்தபோது, சபையோர் என்ன எதிர்பார்த்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் அவர் கூறியது வேறு. தாம் மணமானவர், மூன்று வயது மகனின் தந்தை, கிறிஸ்தவர், புகைப்பதில்லை, குடிப்பதில்லை, போதைப்பொருளைத் தொடுவதில்லை என்றார். கொடுமைக்காரப் பாடல் என்று குற்றம் சாட்டப்பட்ட தம் பாடல் ஒன்று, தொண்டையில் அறுவை மருத்துவம் செய்துகொள்ளவிருந்த நண்பரின் அச்சத்தைப் பற்றியது என்று விளக்கினார். குழந்தைகள் என்ன கேட்கிறார்கள் என்று கவனிப்பது பெற்றோரின் கடமை என்பதையும் வலியுறுத்தினார்.

இவ்விவாதத்தின் பயனாக, பெற்றோருக்கு எச்சரிக்கை தரும் குறிப்பை இசைத்தட்டு உறைகளில் அச்சிட நிறுவனங்கள் இசைந்தன. அன்னையரின் கவலை நியாயமானதே. ஆனால் ஒன்று சிந்திக்கத்தக்கது. அரக்க வேடமிட்டவர் ஒழுங்கான குடும்பத்தலைவராக இருந்தார். ஆபத்து வேறெங்கோ இருந்தது. முகப்பூச்சைப் பார்த்து அஞ்சியவர்கள், புட்டியைப் பார்த்து அஞ்சியிருக்க வேண்டும்.

ஒரே மாதத்தில் இரு விபத்துகள்

1984ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள். 'மாட்லி க்ரூ' குழுவின் பாடகர் வின்ஸ் நீல் தம் வீட்டு விருந்தில் குடித்திருந்தார். மேலும் மது வாங்கிவரக் காரை ஓட்டிச் சென்றார். உடன் சென்றவர், பின்லாந்து நாட்டு 'ஹனாய் ராக்ஸ்' குழுவின் முரசுக் கலைஞர்; நண்பர்கள் அவரை 'ராசில்' என்று அழைப்பார்கள். கார் எதிரே வந்த வண்டியோடு மோதியது. 24 வயது ராசில் இறந்தார். மற்ற வண்டியில் இருந்த இருவர் படுகாயமுற்றனர். ஓட்டியவருக்கு விதிக்கப்பட்டது 30 நாள் சிறை. அதையும் அவர் முழுமையாக அனுபவிக்கவில்லை. 26 இலட்சம் டாலர் இழப்பீடு செலுத்தினார். ராசிலின் குழு சில மாதங்களில் கலைந்துபோயிற்று.

அதே டிசம்பர் மாதம் 31ஆம் நாள், இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகருக்கு அருகே மற்றொரு கார் தடம் புரண்டது. 'டெப் லெப்பர்டு' குழுவின் முரசுக் கலைஞர், 21 வயதான ரிக் ஆலன், தம் இடக்கையை இழந்தார். மருத்துவர் கையைப் பொருத்திப் பார்த்தனர். ஆனால் நோய்த்தொற்றால் அதை மீண்டும் அகற்ற நேர்ந்தது. இரு கையும் வேண்டிய தொழிலில் ஒரு கையை இழந்தவருக்கு வாழ்வேது? வேறொரு குழுவாயின் மாற்று ஆளைத் தேடியிருக்கும். இவருடைய தோழர்கள் தேடவில்லை, காத்திருந்தார்கள். இடக்கை செய்யவேண்டிய வேலையை இடக்கால் செய்யும்படி, மிதிகட்டைகளோடு கூடிய மின்முரசு அமைக்கப்பட்டது. அவர் குழந்தையைப் போல் முதலிலிருந்து பயின்றார். 1986ஆம் ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் டானிங்டன் திடலில் பெருங்கூட்டத்தின் முன் அமர்ந்து வாசித்தார். மறுஆண்டு வெளிவந்த 'ஹிஸ்டீரியா' இசைத்தட்டு உலகெங்கும் 2 கோடிக்கு மேல் விற்பனையானது. அந்த வெற்றிக்குப் பின்னும், அதே குழுவின் கிதார் கலைஞர் ஸ்டீவ் கிளார்க் மதுவுக்கும் மருந்துக்கும் இரையாகி 1991ஆம் ஆண்டு சனவரியில் இறந்தார். காத்திருந்த அன்பு ஒருவரைக் காத்தது. மற்றவரைக் காக்க இயலவில்லை. அன்பு செய்வோர்க்கு இதுவும் தெரிந்த துயரமே.

உச்சி

1986ஆம் ஆண்டு இவ்விசையின் பொற்காலம். நியூ ஜெர்சி மாநிலத்தின் 'பான் ஜோவி' குழு அவ்வாண்டு வெளியிட்ட இசைத்தட்டு அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியே 20 இலட்சத்துக்கு மேல் விற்றது. அதில் புகழ்பெற்ற பாடல் ஒன்று, வேலைநிறுத்தத்தால் வருவாயிழந்த துறைமுகத் தொழிலாளியையும், உணவு விடுதியில் பரிமாறி அவனைக் காக்கும் பெண்ணையும் பற்றியது. செபமே அவர்களுக்குத் துணை என்பது அதன் கருத்து. கூந்தலும் கும்மாளமுமே இந்த இசை என்று எண்ணியோருக்கு அது ஒரு மறுமொழி.

அதே ஆண்டு 'ஸ்ட்ரைப்பர்' என்னும் கிறிஸ்தவக் குழுவும் புகழடைந்தது. மஞ்சளும் கறுப்புமாக வரியிட்ட உடை அணிந்து, அலகையை எதிர்த்துப் பாடி, விவிலியத்தின் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளைக் கூட்டத்தினரை நோக்கி வீசுவார்கள். ஆங்கிலத்தில் வரிக்கும் கசையடித் தழும்புக்கும் ஒரே சொல். எசாயா இறைவாக்கினர் நூலின் 53ஆம் அதிகாரத்தில் துன்புறும் ஊழியனின் தழும்புகளைப் பற்றி வரும் பகுதியே இவர்கள் பெயருக்கு மூலம். இவர்களது இசைத்தட்டு பத்து இலட்சத்தைத் தாண்டியது. பக்தர்கள் சிலர் இவர்களைப் பழித்தனர். இரசிகர் சிலர் நகைத்தனர். ஆயினும் புகழின் சோதனை இவர்களையும் விடவில்லை. 1990ஆம் ஆண்டு வரியுடையையும் பழைய பாடற்பொருளையும் களைந்து வேறொரு கோலம் பூண்டனர். அக்காலத்தில் தாம் குடியில் விழுந்து, மேடையில் சொன்னதற்கு மாறாக வாழ்ந்ததைப் பின்னாளில் அவர்களே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். புனித வேடமும் வேடமே. உள்ளம் உடன்வராவிடில் அதுவும் கலைந்துபோகும் என்பதற்கு அவர்களது ஒப்புதலே சான்று. பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒன்றுசேர்ந்து பழைய விசுவாசத்தோடு பாடினார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது.

1989ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மாஸ்கோ நகரின் லெனின் விளையாட்டரங்கில், போதைப்பொருள் எதிர்ப்பின் பெயரால் இருநாள் இசைவிழா நடைபெற்றது. 'பான் ஜோவி', 'மாட்லி க்ரூ', 'சிண்டரெல்லா', 'ஸ்கிட் ரோ' ஆகிய குழுக்கள் பாடின. அதை ஏற்பாடு செய்த மேலாளரோ, போதைப்பொருள் கடத்தல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர். மேடையில் வாணவேடிக்கை யாருக்கும் இல்லை என்று பேசியிருக்க, ஒரு குழு மட்டும் அதைக் காட்டிவிட்டதென்று மேடைக்குப் பின்னால் கைகலப்பே நிகழ்ந்தது. உச்சியில் நின்றவர்களின் சச்சரவு, யார் மேடையில் அதிகம் தீப்பொறி பறந்தது என்பதாயிருந்தது!

சரிவு

இந்த இசையை வீழ்த்தியவர்கள் சியாட்டில் நகரத்து இளைஞர்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. 1991ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் 'நிர்வாணா' குழுவின் 'நெவர்மைண்ட்' வெளிவந்தபோது, நிறுவனமே பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை; அமெரிக்கக் கடைகளுக்கு முதலில் அனுப்பிய பிரதிகள் ஏறக்குறைய 46,000 மட்டுமே. 1992ஆம் ஆண்டு சனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் இசைத்தட்டைப் பின்தள்ளி முதலிடம் பெற்றது. கசங்கிய சட்டை, வாரப்படாத தலை, ஒப்பனையற்ற முகம், மறைக்கப்படாத துயரம்: இவையே அவர்களது கோலம்.

மறுபாதி உண்மை என்ன? வீடு முன்னரே உளுத்திருந்தது. நிறுவனங்கள், வெற்றிபெற்ற குழுவின் அச்சில் பத்துக் குழுக்களை வார்த்தெடுத்தன. வேகப்பாடல் சில, கண்ணீர்க் காதல் பாட்டு ஒன்று, ஒரே வகைக் கூந்தல், ஒரே வகைக் காட்சி. 'வாரண்ட்' என்னும் குழுவின் பாடகர் ஜானி லேன் கதையைக் கேளுங்கள். 1990ஆம் ஆண்டு அவர்களது இசைத்தட்டு ஆயத்தமாகிவிட்டது. அடிமைத்தனத்தைப் பற்றிய புகழ்பெற்ற நாவலின் பெயரைத் தாங்கிய பாடலே அதற்குத் தலைப்பாக இருந்தது. ஆனால் நிறுவனத் தலைவர், கூட்டத்தை எழுப்பும் விளையாட்டுப் பாடல் ஒன்று வேண்டும் என்றார். லேன் சில நிமிடங்களில் 'செர்ரி பை' என்னும் இரட்டைப்பொருள் பாட்டை எழுதிக் கொடுத்தார். அதுவே வெற்றிபெற்றது, இசைத்தட்டின் பெயரும் அதுவே ஆயிற்று. வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு பாட்டால் மட்டுமே உலகம் தம்மை அறிந்ததை எண்ணி அவர் மனம் கசந்தார். அதை எழுதியதற்காகத் தம்மையே நொந்துகொண்டார். ஒருநாள் அவர் நிறுவன அலுவலகத்துக்குச் சென்றபோது, வரவேற்பறையில் தம் குழுவின் படம் இருந்த இடத்தில் 'ஆலிஸ் இன் செயின்ஸ்' என்னும் சியாட்டில் குழுவின் படம் தொங்கியதைக் கண்டாராம். 2011ஆம் ஆண்டு ஆகஸ்டில், விடுதி அறையொன்றில், மிகையான மதுவால் அவர் உயிர் பிரிந்தது. வயது 47.

வீழ்ச்சியின் வேகம் வியப்பூட்டுவது. 1991ஆம் ஆண்டு சூன் மாதம் 'ஸ்கிட் ரோ' குழுவின் இசைத்தட்டு வெளிவந்த வாரமே முதலிடம் பெற்றது. மறுஆண்டின் தொடக்கத்துக்குள் 'மாட்லி க்ரூ' பாடகரைப் பிரிந்தது. 'ராட்', 'ஸ்ட்ரைப்பர்' ஆகிய குழுக்கள் உடைந்தன. அவர்களை வளர்த்த அதே தொலைக்காட்சி அவர்களை நகைப்புக்குரியவராக்கியது. 'ராட்' குழுவின் கிதார் கலைஞர் ராபின் கிராஸ்பி, போதை ஊசியின் வழியாக எய்ட்ஸ் நோய்க்கு ஆளாகி, 2002ஆம் ஆண்டு இறந்தார். பெரிய அரங்குகளை நிரப்பியவர்கள் சிற்றூர் மதுக்கூடங்களில் பாடத் தொடங்கினார்கள்.

நூறு கடிதங்கள்

அத்தகைய ஒரு கூடம்தான் ரோட் ஐலண்டு மாநிலத்தின் வெஸ்ட் வார்விக் நகரிலிருந்த 'தி ஸ்டேஷன்'. 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் இரவு, பழைய புகழின் எச்சமாக 'கிரேட் ஒயிட்' குழுவினர் அங்கே பாட வந்தனர். முதல் பாட்டிலேயே மேடையில் தீப்பொறி ஊற்றுகள் பற்ற வைக்கப்பட்டன. ஓசையைத் தடுக்கச் சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பொருளில் தீப்பிடித்தது. அதையும் வேடிக்கையின் பகுதி என்று சிலர் கணநேரம் எண்ணினார்கள். பின்னர், வேறு வழிகள் இருந்தும், தாம் நுழைந்த முன்வாயிலை நோக்கியே பெரும்பாலோர் ஓடினார்கள். அங்கே நெரிசலில் சிக்கினார்கள். ஆறு நிமிடங்களுக்குள் கட்டடம் முழுவதும் நெருப்பாயிற்று. குழுவின் கிதார் கலைஞர் உட்பட 100 பேர் மாண்டனர். இருநூறுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

தீப்பொறியைப் பற்ற வைத்தவர் குழுவின் பயண மேலாளர். இருபதுகளில் இருந்த இளைஞர். 2006ஆம் ஆண்டு அவர் வழக்காடாமல் குற்றத்தை ஏற்றார். இறந்த நூறு பேரின் குடும்பத்தாருக்கும் தம் கைப்படத் தனித்தனியே கடிதம் எழுதினார். நீதிமன்றத்தில் அழுது மன்னிப்புக் கேட்டார். நான்காண்டுச் சிறைத்தண்டனை அளிக்கப்பட்டது. அவரை முன்கூட்டியே விடுவிக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் சிலரே அவருக்காகப் பரிந்து எழுதினார்கள். 2008ஆம் ஆண்டு அவர் விடுதலையானார். தம் பிழையை வேறொருவர் தலையில் சுமத்தாமல் ஏற்றுக்கொண்டவர் அவர் ஒருவரே என்று அவர்கள் கருதினார்கள். மன்னிக்க இயலாதவர்களும் இருந்தார்கள். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

பகட்டிலிருந்து பிறந்த ஒரு கதை, ஒரு மனிதன் தனிமையில் அமர்ந்து எழுதிய நூறு கடிதங்களில் முடிந்தது.

எஞ்சியவை

வேறு சிலரிடம் எஞ்சியவற்றையும் காண்போம். நகைப்புக்கு மிகுதியாக ஆளானவர் 'விங்கர்' குழுவின் பாடகர் கிப் விங்கர். கேலிச்சித்திரத் தொடர் ஒன்றில், ஏளனத்துக்குரிய சிறுவனுக்கு அவரது குழுவின் பெயர் பொறித்த சட்டையை அணிவித்தார்கள். அவர் மறுமொழி கூறாமல் செவ்வியல் இசை எழுதுவதைப் பயின்றார். 2010ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ பாலே நடனக் குழு அவரது இசைக்கு ஆடியது. பின்னர் அவரது செவ்வியல் படைப்பு கிராமி விருதுக்கும் முன்மொழியப்பெற்றது.

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ஜான் பான் ஜோவியும் அவருடைய மனைவி டொரோத்தியாவும் 2011ஆம் ஆண்டு நியூ ஜெர்சியின் ரெட் பாங்க் நகரில் உணவகம் ஒன்றைத் திறந்தனர். அங்கே உணவுப்பட்டியலில் விலை இராது. இயன்றவர் இயன்றதைக் கொடுப்பர். இயலாதவர் சிறிது நேரம் பணிசெய்துவிட்டு உண்பர். இருவரும் ஒரே மேசையில் அமர்வதால் யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது எவருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் பல்லாயிரவர் முன் பாடியவர் அங்கே பாத்திரம் கழுவுவதும் உண்டு. ரிக் ஆலனோ, போரில் உறுப்பிழந்த வீரர்களுக்கு ஆறுதலளிக்கும் பணியில் ஈடுபட்டார்.

பெற்றோரே! நம் பிள்ளைகள் கேட்கும் இசை நமக்குப் புரியாமல் இருக்கலாம், இரைச்சலாகத் தோன்றலாம். அவர்களது உடையும் முடியும் நம்மைத் திடுக்கிடச் செய்யலாம். அதற்காகக் கதவை அறைந்து சாத்தாதீர்கள். அருகில் அமர்ந்து ஒரு பாட்டையேனும் அவர்களோடு கேளுங்கள். அது என்ன சொல்கிறது, அதில் உனக்குப் பிடித்தது எது என்று வினவுங்கள். பெண்ணை இழிவுசெய்யும் பாட்டாயின், அது ஏன் தவறு என்று அமைதியாகச் சொல்லுங்கள். உண்மையான ஆபத்து ஆரவாரமின்றி வரும். அதைக் கண்டுகொள்ள நெருக்கம் வேண்டும்.

இனி அந்த நீச்சல் குளத்துக்குத் திரும்புவோம். குளத்தில் மிதந்த கிறிஸ் ஹோம்ஸ் சாகவில்லை. பிற்காலத்தில் குடியை விட்டொழித்தார். பிரான்சு நாட்டில் மனைவியோடு குடியேறி, தொடர்ந்து கிதார் வாசித்தார். அவரைப் பற்றிய மற்றோர் ஆவணப்படம் 2021ஆம் ஆண்டு வெளிவந்தது. முந்தைய படத்தின் காட்சியைப் பார்த்த பலரும், கரையிலிருந்த தாய் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்டார்கள். அவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை நாம் அறியோம். மகன் தன்னையே வெறுத்துப் பேசியபோதும் அவர் எழுந்து போய்விடவில்லை என்பதை மட்டும் கண்ணால் காண்கிறோம்.